குழாயடி நீலச்செடி

சொர்ணலதா மைசூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவாள். கழன்று வரும் திருகாணியை முடுக்கிக் கொடுப்பாள். நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கிற புள்ளி அட்டைகளை ஆட்களிடம் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பாள். கையில் வேலை சுத்தம். வாயில் பேச்சு குறைவு.

அவளும் கணவர் ஆறுமுகசாமியும் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். மேட்டகள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்ததால் கல்யாணமான கையோடு மைசூருக்கு வந்துவிட்டார்கள். வித்யாரண்யபுரத்தில் சின்னதாக ஒரு வீடு. பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண்தரை. அதற்கப்பால் பழைய சுண்ணாம்பு மதில், மதிலில் ஒரு தகரக் கதவு. கதவைத் திறந்தால் வீடுகளின் முதுகுப் பக்கமாகவே ஓடுகிற ஒடுக்கமான சந்து. மைசூரில் அதைக் கன்சர்வன்சி என்பார்கள். பழைய சாமான் எடுப்பவர்களும் மாடுகளும் தவிர யாரும் அதில் நடப்பதில்லை.

மகள் ரூபா பள்ளிக்கூடம் போகிற வயதில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனார்கள். அங்கே சாலையோரம் ஹைட்ரேஞ்சியா பூத்துக் கிடந்ததைப் பார்த்த சொர்ணலதாவுக்கு அந்தப் பூவின் மேல் ஆசை விழுந்துவிட்டது. ஊர் திரும்பியதும் நஞ்சன்கூடு ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் பசவராஜிடம் போய்க் கேட்டாள்.

"பெரிய ஜாதி உங்க எடத்துக்கு ஆகாதுக்கா. குட்டை ஜாதி இருக்கு. முழங்காலுக்கு மேல வளராது. ஆனா பூ மட்டும் காலிஃப்ளவர் கணக்கா வரும்" என்றார் அவர்.

ஒரே தாய்ச்செடியிலிருந்து பதியம் போட்ட நான்கு செடிகளைக் கறுப்புப் பையில் கொடுத்தார். காலை வெயில் மட்டும் படுகிற மாதிரி மதிலோரம் வரிசையாக நட்டாள். மட்கின இலையும் தேங்காய் நார்த் தூளும் போட்டாள். முதல் கோடையில் அவளுக்கு உயிரே போய்விட்டது. உச்சிப் பொழுதில் நான்கு செடிகளும் நனைந்த துணி மாதிரித் தொங்கின. செத்துவிட்டன என்றே நினைத்தாள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றியதும் ஒவ்வொரு இலையாக நிமிர்ந்தது. மயங்கி விழுந்த ஆள் எழுந்து உட்காருவது போல இருந்தது. போகப்போக அது பழகிவிட்டது.

பூ வந்தபோது மூன்று செடிகள் இளஞ்சிவப்பாகப் பூத்தன. குழாயை ஒட்டியிருந்த செடி மட்டும் நல்ல நீலம். பசவராஜ் வேறு செடி ஒன்றைக் கலந்து கொடுத்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அது என்ற செடி. அதான் தனியாத் தெரியுது" என்று ஆறுமுகசாமி சொல்லிச் சிரிப்பார்.

அவர் தினமும் காலையில் அந்தக் குழாயடியில்தான் முகம் மழிப்பார். மதிலில் ஆணியடித்து ஒரு கைக்கண்ணாடி மாட்டியிருந்தார். சவரம் முடிந்ததும் ஈரப் படிகாரத்தை முகமெல்லாம் தேய்த்து, அந்தக் கட்டியை மக்குத் தண்ணீரில் அலசி, தண்ணீரை அப்படியே பக்கத்துச் செடியின் காலில் கொட்டுவார். நடுநடுவே ரேசரை மக்கின் விளிம்பில் தட்டுகிற சத்தமும், அவர் தொண்டையைச் செருமுகிற சத்தமும் அடுப்படியில் நிற்பவளுக்குக் கேட்கும். அது கேட்டால் தோசைக் கல்லைப் போட நேரமாயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு சிவராத்திரிக்கு அவர் ஹனூர் ஆட்களோடு சேர்ந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போனார். வருஷா வருஷம் போவதுதான். தாளபெட்டாவில் மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் எல்லோரும் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். ஆறுமுகசாமி மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நீங்க முன்னால போங்க, நான் பொறத்தாலயே வாறேன்" என்றாராம். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

காட்டில் தேடினார்கள். மலையில் கடை வைத்திருப்பவர்களிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். செருப்பு மட்டும் மரத்தடியில் இருந்தது. அவருடைய அக்கா ராமக்காள் ஹனூரில் இருக்கிறாள். சொர்ணலதா அவளை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். ராமக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ற தம்பி எங்கியோ உசுரோட இருக்கறான் அம்மிணி. நீ தாலியக் கழட்டிப்போடாத" என்று அழுதாள். சொர்ணலதா கழற்றவில்லை.

குழாயடிக் கண்ணாடியை அவள் எடுக்கவுமில்லை. வெயிலும் மழையும் பட்டு அதன் ரசம் உரிந்தது. பார்த்தால் முகம் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஏதோ அசைவது மட்டும் தெரியும்.

அடுத்த பூப்பருவத்தில் நீலச்செடி ஊதாவாகப் பூத்தது. அதற்கடுத்த பருவத்தில் மற்ற மூன்றையும் போல இளஞ்சிவப்பாகிவிட்டது. காரணம் அவளுக்குத் தெரியாது. ஆனால் நான்கும் ஒரே நிறமாக நின்ற அந்தக் காலையில் அவள் குழாயடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் இனி வரமாட்டார் என்று அன்றைக்குத்தான் அவள் மனதுக்குப் பட்டது.

ரூபா படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போனாள். சொர்ணலதா தனியாக இருந்தாள். காலையில் செடிக்குத் தண்ணீர், பகலெல்லாம் கடை, சாயங்காலம் மறுபடி செடிக்குத் தண்ணீர். பூ முடிந்ததும் தலையை மட்டும் வெட்டிவிடுவாள், தண்டைத் தொடமாட்டாள். அடுத்த வருஷத்துப் பூ பழைய தண்டில்தான் ஒளிந்திருக்கிறது என்று பசவராஜ் சொல்லியிருந்தார். இப்படியே பல வருஷம் போயிற்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கோடை மழை இரண்டு பெய்து மொட்டு விரிந்த சமயம். வழக்கம்போலக் காலையில் பின்கதவைத் திறந்தாள். குழாயடிச் செடி நீலமாகப் பூத்திருந்தது.

சிவப்பில் நீலம் கலந்த நிறமில்லை. அவர் இருந்தபோது பூத்த அதே நீலம்.

முதலில் அவள் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். கடைக்குப் போய், ஆட்கள் வருவதற்கு முன் புள்ளி அட்டைகளை எடுத்துத் தானே தனக்குக் காட்டிப் பார்த்தாள். எல்லா எண்களும் தெளிவாகத் தெரிந்தன. சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சித்தம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சித்தம்மா கன்னடக்காரி, சொர்ணலதாவிடம் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவாள்.

"ஏன்ரீ சொர்ணா, இது சிவப்புதானே இருந்துச்சு? மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"நான் ஒண்ணுமே போடலீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் பூவை ஒன்று கிள்ளி எடுத்துக்கொண்டு பசவராஜிடம் போனாள். அவர் கையில் வாங்கிப் பார்த்து, "படிகாரம் கரைச்சு ஊத்தினா இந்தக் கலர் வரும்க்கா. உங்க மதில் சுண்ணாம்பு மதில். அந்த மண்ணுல சும்மா விட்டா சிவப்புதான் பூக்கும். படிகாரம் உள்ள போனா நீலமாவும். ஒரு நாள் ரெண்டு நாள் ஊத்தினா ஆகாது, மாசக்கணக்கா ஊத்தணும். யாரோ நல்லாப் பாத்துக்கறாங்க" என்றார்.

சொர்ணலதா பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த மக்கும், மக்கில் அலசுகிற வெள்ளைக் கட்டியும், செடியின் காலில் கொட்டுகிற கையும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர் இருந்தவரை நீலம். போன பிறகு சிவப்பு. இப்போது மறுபடி நீலம். நிறுத்தம் தாண்டிப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்னால் போய்க் குழாயடியில் குனிந்து பார்த்தாள். ஹைட்ரேஞ்சியாவின் இலை உள்ளங்கை அகலம் இருக்கும். மேலிருந்து எது விழுந்தாலும் தாங்கும். அன்று அந்த இலைகளின் மேல் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு எடுத்து, கடையில் லென்ஸ் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மழித்த தாடி மயிர். அத்தனையும் வெள்ளை.

ஆறுமுகசாமி காணாமல் போனபோது அவருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

அந்தப் பொடியைக் கண்ணாடி துடைக்கிற துணி ஒன்றில் தட்டி மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போகிறவள் போலக் கிளம்பி, முன்வாசலைப் பூட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றி வந்து பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே நுழைந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். பின்பக்கத்து ஜன்னலையும் சாத்தி வைத்தாள்.

வெயில் ஏறியது. சந்தில் ஒரு பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போனார். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. உச்சிப் பொழுது ஆயிற்று. செடிகள் துவண்டு தொங்குகிற நேரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, மதிலோரத் தகரக் கதவின் தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

யாரோ நடந்து வந்தார்கள். செருப்புச் சத்தம் இல்லை, வெறுங்கால். குழாயைத் திறந்து மூடினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் டிக், டிக் என்று மக்கின் விளிம்பில் ரேசரைத் தட்டுகிற சத்தம். நடுவில் ஒரு செருமல்.

அது அவருடைய செருமல். எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது, எழ முடியவில்லை. கடைசியில் எங்கிருந்தோ அவளுடைய குரல் மட்டும் வந்தது.

"ஏனுங்க... நீங்களா?"

தட்டுகிற சத்தம் நின்றது. தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் தடுமாறி எழுந்து கதவைத் திறந்து வெளியே ஓடினாள்.

குழாயடியில் யாரும் இல்லை. தகரக் கதவு திறந்து கிடந்தது. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். தூரத்தில் ஒரு மாடு படுத்திருந்தது. வேறு எதுவும் அசையவில்லை. திரும்பி வந்தபோது, அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பிளாஸ்டிக் மக் குழாயடியில் கிடந்தது. உள்ளே சோப்பு நுரை இன்னும் உடையாமல் இருந்தது. மூன்று செடிகள் வெயிலில் துவண்டிருந்தன. நீலச்செடி மட்டும் நிமிர்ந்து நின்றது.

அன்று ரூபாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். ரூபா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

"அம்மா, யாரோ வீடு இல்லாத ஆளு. கன்சர்வன்சில படுத்துக் கெடப்பான். தண்ணி கெடைக்குதுன்னு நம்ம குழாய்க்கு வரான், அஷ்டே, அவ்ளோதான். நீ சும்மா டென்ஷன் ஆகற" என்றாள். பிறகு, "ஒரு கேமரா வெச்சிடலாம். யாருன்னு தெரிஞ்சு போயிடும்" என்றாள்.

"வேண்டாம்."

"ஏன்மா?"

"அவரில்லைன்னு தெரிஞ்சா நான் என்ன பண்றது? அவருதான்னு தெரிஞ்சா அதுக்கு மேல என்ன பண்றது?"

கேமராப் பேச்சை ரூபா அதோடு விட்டுவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து, பனியும் முடிந்து, கோடை தொடங்குகிற சமயத்தில் கொள்ளேகாலிலிருந்து போலீஸ்காரர் போன் செய்தார். காட்டுத்தீ பரவாமல் இருக்கப் புதர் வெட்டிக்கொண்டே போன வனத்துறை ஆட்கள், தாளபெட்டாவுக்கு மேலே ஒரு பள்ளத்தில் எலும்புகளைப் பார்த்திருக்கிறார்கள். கூடவே ஒரு பெல்ட் கொக்கியும், எலக்ட்ரீஷியன்கள் சட்டைப் பையில் வைத்திருக்கிற டெஸ்டர் ஒன்றும் கிடைத்திருந்தன. டெஸ்டரின் கைப்பிடியில் ஆ.சா. என்று சூடு வைத்து எழுதியிருந்தது. சொர்ணலதா பார்த்ததும் தலையாட்டினாள். அது அவர் கையால் எழுதியதுதான்.

ரூபாவின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வர நாளாயிற்று. எலும்பு ஆறுமுகசாமியுடையதுதான். கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும், அந்தச் சிவராத்திரியை ஒட்டியே உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இத்தனை வருஷமும் அவர் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்திருக்கிறார்.

எலும்பை ஹனூரில் எரித்தார்கள். அன்று சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, சொர்ணலதா ராமக்காளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தத் துணி மடிப்பைப் பிரித்துக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நங்கையா, செத்தவங்களுக்குத் தாடி நரைக்குமுங்களா?"

ராமக்காள் அந்த வெள்ளைப் பொடியை விரல்நுனியில் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கப்பனுக்கும் தம்பிக்கு இப்ப ஆகற வயசுலதான் அம்மிணி முச்சூடும் நரச்சுது."

சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணத்தில், பச்சிமவாகினியில் கரைத்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது சொர்ணலதா அந்தத் துணி மடிப்பையும் சாம்பலோடு சேர்த்துத் தண்ணீரில் விட்டாள். தாலியையும் அங்கேயே கழற்றினாள். காவேரி இழுத்துக்கொண்டு போனது. எல்லாம் முடிந்தது என்று கரையில் நின்று நினைத்தாள். மனதில் ஒரு அமைதிகூட வந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த வாரத்திலேயே, சாயங்காலம் தண்ணீர் ஊற்றக் குனிந்தவள் இலைகளைப் பார்த்தாள். வெள்ளைப் பொடி புதிதாக விழுந்திருந்தது.

இந்தத் தடவை அவள் அழவில்லை. ரூபாவுக்குத்தான் தாங்கவில்லை. வந்து, தகரக் கதவுக்கு உள்பக்கம் ஒரு பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, சாவியையும் தன்னோடு பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பூட்டுப் போட்ட பிறகு இலையில் பொடி விழவில்லை. ஆனால் நீலச்செடி உச்சிப் பொழுதில் துவண்டது சாயங்காலம் எழவில்லை. சொர்ணலதா தண்ணீர் ஊற்றினாள், நிழலுக்குச் சாக்குக் கட்டினாள், வேரைக் கிளறிப் பார்த்தாள். வேரில் பூச்சி இல்லை, அழுகல் இல்லை. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. இதன் பூ மட்டும் செடியிலேயே காய்ந்து, பழைய காகிதம் மாதிரி ஆயிற்று. கதவுக்கு அப்பால் சந்தில் யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தட்டுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தகரத்தின் அடியில் இருக்கிற இடைவெளியில், உச்சிப் பொழுதில், எதிர்மதிலில் பட்டு வருகிற வெளிச்சம் ஒரு ஆள் அகலத்துக்கு மறைந்திருக்கும். குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு காலையில் அவள் தெருமுனை இரும்புக் கடையிலிருந்து ஆளைக் கூட்டி வந்து பூட்டை உடைக்கச் சொன்னாள். மதில் மேலிருந்து சித்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"சொர்ணா, ஏன்ரீ பூட்டை ஒடைக்கறீங்க? பயமில்லையா உங்களுக்கு?"

"பயமாத்தான் இருக்குதுங்க. அதுக்குன்னு வூட்டுக்கு வார மனுசன வெயில்ல நிக்க வெக்கறதா?"

அன்று கடைக்குப் போகிற வழியில் அவள் ஒரு படிகாரக் கட்டி வாங்கினாள். மறுநாள் காலையில் அதைக் குழாயடிக் கல்லில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கட்டி நனைந்திருந்தது. செடியில் கீழ்க்கிளை ஒன்று நிமிர்ந்திருந்தது.

இந்த வருஷமும் அது நீலமாகத்தான் பூத்தது. பார்க்க வருகிறவர்கள் பதியம் கேட்கிறார்கள். மற்ற மூன்றிலிருந்தும் கொடுக்கிறாள். அந்த ஒன்றிலிருந்து மட்டும் கொடுப்பதில்லை. தனியாக இருக்க வேண்டாம், பெங்களூருக்கு வந்துவிடு என்று ரூபா கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் போகவில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். முன்னைவிட உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது என்றுகூடச் சித்தம்மா சொல்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமக்காள் ஹனூரிலிருந்து தம்பி வீட்டைப் பார்க்க வந்தாள். பஸ்ஸில் வந்த கசகசப்பு. வந்ததும் பையை வைத்துவிட்டு, கைகால் கழுவப் பின்கதவைப் பார்த்து நடந்தாள். நல்ல உச்சி வெயில். சொர்ணலதா முன்னறையில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து ராமக்காளின் கையைப் பிடித்தாள்.

"செத்த நேரம் இருங்க நங்கையா" என்றாள். "அவுரு முடிச்சுக்கட்டும்."